64 டிபிக்கு டிஸ்க் வாங்கினால் 43 ஏன் காட்டுகிறது? டிஸ்க் வரிசையின் கொள்ளளவும் ஸ்டெப்னிக் கணக்கும்

பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான கல்யாண ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு அவர் எட்டு டிஸ்க் மாட்டும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்துப் பல கணினிகள் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஒன்றும், 8 டிபி (டெராபைட்) டிஸ்க் எட்டும் வாங்கினார். டிஸ்க்குகளை மாட்டி, பல டிஸ்க்குகளை ஒரே வரிசையாகச் சேர்க்கும் ரெய்டு முறைகளில் ரெய்டு 6 என்று தேர்ந்தெடுத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டுவிட்டு, காலையில் திரையைப் பார்த்தவர் உடனே எனக்குப் போன் போட்டார்.

"என்னவே, எட்டெட்டு அறுபத்து நாலுலா வரணும்? இதுல 43.6-னு காட்டுது. மீதி இருபது எங்க போச்சு? டிஸ்க்கு போலியா?"

"போலியெல்லாம் இல்ல அண்ணாச்சி. எல்லாம் அங்கதான் இருக்கு. சாயங்காலம் வந்து சொல்லுதேன்."

சாயங்காலம் போனேன். பேசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. இந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை. ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவர்கள், அச்சகக்காரர்கள், பள்ளி அலுவலகங்கள் என்று பலரும் பணம் கட்டிய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. அதனால் அன்று அவரிடம் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காணாமல் போன 20-ஐ முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதில் 16 உண்மையாகவே வேறு வேலைக்குப் போயிருக்கிறது. மிச்சம் 4 சொச்சம் எங்கும் போகவில்லை, அளக்கும் படிதான் வேறு.

படிக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். நம் எண்முறையில் அது சரியாக அத்தனைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விண்டோஸும் பல நாஸ் பெட்டிகளும் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கி, அதை இன்னும் இரண்டு முறை 1,024-ஆல் பெருக்கினால் வருவதுதான் அவற்றுக்கு ஒரு டிபி. அது 1,09,951 கோடியே 16 லட்சத்து 27 ஆயிரத்து 776 பைட். இந்தப் பெரிய படியால் அளந்தால் 8 டிபி டிஸ்க் 7.28 என்றுதான் வரும். குழப்பம் தீர வேண்டும் என்று 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பெரிய படிக்கு டெபிபைட் என்று தனிப் பெயர் வைத்தது. விண்டோஸ் இன்னமும் பெரிய படியில் அளந்து சின்னப் படியின் பெயரைத்தான் எழுதுகிறது. ஆப்பிள் 2009-இல் தன் மேக் கணினிகளைச் சின்னப் படிக்கு மாற்றிவிட்டது. அதனால் ஒரே டிஸ்க்கை இரண்டு கணினிகளில் செருகினால் இரண்டு எண் வரும். ஒரு பைட்கூடத் தொலைந்திருக்காது.

டிபி அளவில் இந்த வித்தியாசம் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். ஜிபி அளவில் 7-ஐ ஒட்டி இருந்தது. அலகு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் கூடும். அண்ணாச்சியின் பெட்டியில் சின்னப் படியால் 48 டிபி இருந்தது, அது பெரிய படியில் 43.66. சரி, இது முடிந்தது. 64 எப்படி 48 ஆனது என்பதுதான் நிஜமான கேள்வி.

மூன்று வண்டி நெல்லும் ஒரு சீட்டும்

1988-இல் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிகளுக்கென்று செய்த ஒற்றைப் பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, விலை மலிந்த சின்ன டிஸ்க்குகளை வரிசையாகச் சேர்த்தால் வேகமும் கிடைக்கும், காசும் மிச்சமாகும் என்பது அவர்கள் யோசனை. ரெய்டு என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அந்த ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஐ' என்ற எழுத்து அப்போது 'மலிவான' என்பதைக் குறித்தது, பின்னாளில் அதையே 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நூறு டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டினால், அதில் ஏதோ ஒன்று பழுதாகச் சராசரியாக 300 மணி நேரம் போதும். இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. டிஸ்க்குகளைச் சேர்க்கச் சேர்க்க இடம் கூடுகிறது, ஏதாவது ஒன்று போய்விடும் வாய்ப்பும் அதே அளவில் கூடுகிறது. ஆகவே சேர்த்துக் கட்டும்போதே பழுதுக்கும் இடம் ஒதுக்கிவிட வேண்டும். அண்ணாச்சி தேடிய 16 டிபி அப்படி ஒதுக்கிய இடம்.

அந்த இடத்தில் என்ன எழுதப்படுகிறது? இன்னொரு பிரதி இல்லை. நம் பக்கத்துக் கணக்காகவே சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் இருந்து மூன்று வண்டி நெல் புறப்படுகிறது. முதல் வண்டியில் 70 மூடை, இரண்டாவதில் 40, மூன்றாவதில் 90. மொத்தம் 200 என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்கிறோம். வழியில் ஏதாவது ஒரு வண்டியின் கணக்கு தொலைந்துபோனால், மற்ற இரண்டையும் கூட்டி 200-இல் கழித்தால் தொலைந்தது திரும்பிவிடும். ஒரு சீட்டுதான், ஆனால் எந்த வண்டியின் கணக்கு போனாலும் அது மீட்டுத் தரும். ரெய்டு 5 செய்வது இதுதான். கூட்டலுக்குப் பதிலாக எக்ஸார் என்ற இருமக் கணக்கைப் போடும், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தச் சீட்டுக்குப் பாரிட்டி என்று பெயர்.

இரண்டு வண்டியின் கணக்கு ஒன்றாகத் தொலைந்தால் ஒரு சீட்டு போதாது. அதற்கு இரண்டாவது சீட்டு எழுத வேண்டும். முதல் வண்டியை ஒரு மடங்கு, இரண்டாவதை இரண்டு மடங்கு, மூன்றாவதை மூன்று மடங்கு வைத்துக் கூட்டினால் 70-உம் 80-உம் 270-உம் சேர்ந்து 420. இப்போது முதல் வண்டியும் மூன்றாவது வண்டியும் தொலைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சீட்டின்படி இரண்டும் சேர்ந்து 160. இரண்டாவது சீட்டில் நம் கையில் இருக்கும் 80-ஐக் கழித்தால் 340. இரண்டுக்கும் வித்தியாசம் 180. அது மூன்றாவது வண்டியின் இரண்டு மடங்கு. ஆக மூன்றாவது 90, முதலாவது 70. ரெய்டு 6-இன் உள்ளே ஓடுவது இதே யோசனைதான், எண்களை மட்டும் காலுவா புலம் என்ற கணித அமைப்புக்குள் வைத்துப் போடுகிறார்கள். இதைப் பென்சிலால் ஒரு கவரின் பின்பக்கம் போட்டுக் காட்டியபோதுதான் அண்ணாச்சியின் முகம் தெளிந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரெய்டு 6 என்றதும் ஆறு டிஸ்க்கில் படம், இரண்டு டிஸ்க்கில் சீட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சீட்டுகள் எட்டு டிஸ்க்கிலும் மாறி மாறிப் பரவி இருக்கும். "எது பாரிட்டி டிஸ்க்கு, அதை மட்டும் கழற்றிடலாமா?" என்ற கேள்விக்கே அங்கே இடம் இல்லை.

எட்டு 8 டிபி டிஸ்க்கில் ரெய்டு 5 என்றால் ஒரு டிஸ்க் அளவு போய் 56 டிபி. ரெய்டு 6 என்றால் இரண்டு போய் 48. ஜோடி ஜோடியாகப் பிரதி எடுக்கும் ரெய்டு 10 என்றால் பாதி போய் 32. எல்லாவற்றிலும் வரிசையின் மிகச் சின்ன டிஸ்க்தான் அளவுகோல். ஏழு 8 டிபியோடு பழைய 4 டிபி ஒன்றைச் சேர்த்தால், எட்டுமே 4 டிபி டிஸ்க் போலத்தான் நடத்தப்படும். கலப்பு அளவுகளை வீணாக்காமல் அடுக்கும் முறைகளும் உண்டு. நாஸ் பெட்டிகள் செய்யும் சினாலஜி நிறுவனத்தின் எஸ்எச்ஆர் அப்படிப்பட்டது. இரண்டு 4 டிபி, இரண்டு 8 டிபி இருந்தால் சாதாரண ரெய்டு 5 தருவது 12 டிபி, அது தருவது 16.

மடைக்கு மேலே நிற்பதுதான் தண்ணீர்

சரி, 43.66 என்றால் அவ்வளவையும் நிரப்பிவிடலாமா? கூடாது.

நம் பக்கத்துக் குளம் நிறைந்து மறுகால் பாயும்போது போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராக இருக்கும். வயலுக்கு வருவது மடைக்கு மேலே நிற்பது மட்டும்தான். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே கிடப்பது மீனுக்கும் மாட்டுக்கும். கரையும் நிலத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. கரையை ஒல்லியாக வெட்டி இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்கலாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். டிஸ்க் வரிசையிலும் மூன்று அளவுகளைத் தனித்தனியாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்: வாங்கிய அளவு, பாரிட்டி போக மிஞ்சும் அளவு, நிம்மதியாக நிரப்பக்கூடிய அளவு. பெட்டியின் விளம்பரத்தில் வருவது முதலாவது. வாழ்க்கை நடப்பது மூன்றாவதில்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே சில செலவுகள் உண்டு. லினக்ஸில் பரவலாக இருக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறை, பார்மட் செய்யும்போது மாற்றிச் சொல்லாவிட்டால், 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவிடும். 43.66-இல் அது 2 டெபிபைட்டுக்கு மேல். வெறும் படங்கள் சேமிக்கும் வரிசைக்கு அவ்வளவு ஒதுக்கீடு தேவையில்லை, குறைத்துக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட் (குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) வைத்திருந்தால், நீங்கள் அழித்த கோப்புகளும் அந்த ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கழுத்து வரை நிரம்பிய கோப்பு முறை தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் ஒரே கோப்பைத் துண்டு துண்டாக எழுதத் தொடங்கும், வேகம் விழும். 80 சதவீதம் தொட்டால் அடுத்த ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும் என்பது என் கணக்கு.

அண்ணாச்சிக்கு இதை முகூர்த்தக் கணக்காக மாற்றிச் சொன்னேன். அவருடைய கேமராக்கள் 4கே-யில் விநாடிக்கு 100 மெகாபிட் எழுதுகின்றன. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. அதோடு ஒவ்வொன்றும் 30 எம்பி கொண்ட ரா போட்டோக்கள் மூவாயிரம் சேர்ந்தால் இன்னொரு 90. ஆக ஒரு கல்யாணம் 900 ஜிபி. 48 டிபியை 900 ஜிபியால் வகுத்தால் 53 கல்யாணம். 80 சதவீதத்தில் நிறுத்தினால் 42. வருஷத்துக்கு அவர் எடுப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது இந்தப் பெட்டி அவருக்கு ஒரு வருஷத்துப் பெட்டி. ஐந்து வருஷத்துக்கு என்று நினைத்து வாங்கியிருந்தார். அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பழைய கல்யாணங்களின் மூலக் காட்சிகளை எத்தனை மாதம் வைத்திருப்பது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் பையனோடு பேசினார். அந்தப் பேச்சு டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும்.

ஸ்டெப்னி

அடுத்து அவர் கேட்டது: "ஒரு டிஸ்க்க ஸ்பேரா போட்டுக்கன்னு கடைக்காரர் சொன்னாரே, போடட்டா?"

ஸ்பேர் என்பதை நம் ஊரில் ஸ்டெப்னி என்றால் ஒரே சொல்லில் புரிந்துவிடும். வண்டியோடு வரும், சக்கரமாகச் சுற்றாது, பாரம் தாங்காது. ஹாட் ஸ்பேர் என்பது பெட்டிக்குள்ளேயே மாட்டி மின்சாரமும் கொடுத்து வைத்திருக்கும் டிஸ்க். அதில் உங்கள் தரவு ஒன்றும் இருக்காது, கொள்ளளவுக்கு அது தருவது பூஜ்யம். வரிசையில் ஒரு டிஸ்க் செத்தால், அந்த நிமிஷமே பெட்டி இதை எடுத்துக்கொண்டு, மற்ற டிஸ்க்குகளையும் பாரிட்டியையும் படித்து, தொலைந்ததை இதில் எழுதத் தொடங்கும். அதுதான் ரீபில்ட். ராத்திரி இரண்டு மணிக்கு டிஸ்க் போனாலும் யாரும் எழுந்து வர வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வரிசைக்கு மட்டும் என்று ஸ்பேரைக் கட்டலாம், பெட்டிக்குள் இருக்கும் எல்லா வரிசைகளுக்கும் பொதுவாகவும் விடலாம். இன்னொரு வகை, டிஸ்க்கை உறையோடு அலமாரியில் வைத்திருந்து கையால் மாற்றுவது. அது கோல்ட் (குளிர்ந்த) ஸ்பேர்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. ஸ்பேர் உங்களுக்குத் தருவது நேரம். பழுதைத் தாங்கும் பலம் பாரிட்டியில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் நல்ல பெட்டிகள் நாசமாகின்றன.

எட்டு டிஸ்க்கை வைத்தே பாருங்கள். ஏழில் ரெய்டு 5 போட்டு ஒன்றை ஸ்பேராக விட்டால் கிடைப்பது 48 டிபி. எட்டிலும் ரெய்டு 6 போட்டால் கிடைப்பதும் 48 டிபி. இடம் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். முதல் ஏற்பாட்டில் ஒரு டிஸ்க் போனதும் ரீபில்ட் முடியும்வரை இன்னொன்று போகக்கூடாது. போனால் எல்லாம் போச்சு, ஸ்பேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் உதவாது. இரண்டாவது ஏற்பாட்டில் அந்த எட்டாவது டிஸ்க் முதல் நாளில் இருந்தே வேலை பார்க்கிறது, ஒன்று போன பிறகும் இன்னொன்று போவதைத் தாங்கும். ரெய்டு 6-இல் எழுதும்போது பாரிட்டிக் கணக்கு கூடுதல் என்பது உண்மைதான். கல்யாண வீடியோ போன்ற பெரிய கோப்புகளுக்கு அது பெரிய தடை இல்லை. எட்டு பே (டிஸ்க் மாட்டும் இடம்) உள்ள பெட்டியில் ரெய்டு 5-உம் ஸ்பேரும் என்று யார் சொன்னாலும் நான் ரெய்டு 6 என்றுதான் சொல்வேன்.

ரீபில்ட் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் கனம் புரியும். 8 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓரம் விடாமல் எழுதினாலே கிட்டத்தட்ட 15 மணி நேரம். அதே நேரத்தில் எடிட்டிங்கும் நடந்தால் இரண்டு நாள் ஆனாலும் ஆச்சரியம் இல்லை. அந்தச் சமயத்தில் மீதி டிஸ்க்குகள் எல்லாம் முதல் செக்டார் (டிஸ்க்கில் எழுதும் சின்னப் பகுதி) முதல் கடைசி வரை படிக்கப்படுகின்றன. மாதக்கணக்கில் யாரும் தொடாத மூலைகளில் படிக்க முடியாத செக்டார் ஒன்று ஒளிந்திருந்தால் அன்றைக்குத்தான் தலைகாட்டும். சாதாரண டிஸ்க்குகளின் குறிப்பில், 1-க்குப் பின்னால் 14 பூஜ்யம் போட்ட அத்தனை பிட் படிக்கும்போது ஒரு பிழை வரலாம் என்று எழுதியிருப்பார்கள். அது 12.5 டிபி. ஏழு டிஸ்க் ரெய்டு 5-ஐ மீட்க மற்ற ஆறில் இருந்தும் 48 டிபி படிக்க வேண்டும். அந்தக் குறிப்பு உச்சவரம்புதான், நல்ல டிஸ்க்குகள் அதைவிட ஒழுங்காக நடந்துகொள்கின்றன, பெரிய நிறுவனங்களுக்கான டிஸ்க்குகளில் அந்த எண்ணே பத்து மடங்கு. ஆனாலும் கையில் இன்னொரு சீட்டு இல்லாமல் 48 டிபி படிக்கும் அந்த நேரம் எனக்குப் பிடிக்காத நேரம். ரெய்டு 6-இல் அந்த இரண்டாவது சீட்டு கையில் இருக்கிறது. ஒரு செக்டார் படிக்கவில்லை என்றாலும் கணக்குப் போட்டு நிரப்பிவிடும்.

"ஒரே நேரத்துல ரெண்டு போகுமா என்ன?" என்று கேட்பார்கள். பேக்பிளேஸ் என்ற இணையச் சேமிப்பு நிறுவனம் தன் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை வெளிப்படையாக வெளியிடுகிறது. 2024-இல் அவர்களுடைய வருடாந்தரப் பழுது விகிதம் 1.57 சதவீதம். எட்டு டிஸ்க் வைத்திருந்தால் ஒரு வருஷத்தில் ஒன்றாவது போகும் வாய்ப்பு 100-க்கு 12 என்று ஆகிறது. ஒன்று போகும், சரி. இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. 1988 கட்டுரை எழுதிய மூவரில் ஒருவரான கார்த் கிப்சன், பியான்கா ஷ்ரோடருடன் சேர்ந்து 2007-இல் நிஜ உலகின் டிஸ்க் மாற்றுக் கணக்குகளை ஆராய்ந்தார். தயாரிப்பாளர் குறிப்பில் இருப்பதைவிட மாற்றல் அதிகம் என்பதோடு, மாற்றல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருவதில்லை, நெருங்கி நெருங்கி வருகின்றன என்றும் கண்டார்கள். யோசித்துப் பார்த்தால் இது இயல்புதான். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியில் இருந்து எடுத்த எட்டு டிஸ்க். ஒரே சித்திரை வெயில், ஒரே மின்வெட்டு, ஒரே அளவு வேலை.

அப்படியானால் ஸ்பேரே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பெட்டி இருக்கும் இடத்துக்கு ஆள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அளவுகோல். மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலை ஏறும் வண்டியில் ஸ்டெப்னி இல்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள், வழியில் பஞ்சர் கடை இல்லை. ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மாதம் ஒருமுறை மட்டும் ஆள் எட்டிப்பார்க்கும் அறையில் பெட்டி இருந்தால், ரெய்டு 6-உம் வேண்டும், அதற்கு மேல் ஒரு ஹாட் ஸ்பேரும் வேண்டும். இருபத்து நான்கு டிஸ்க் பெட்டியில் இரண்டு ரெய்டு 6 வரிசைகளுக்குப் பொதுவாக ஒரு ஸ்பேர் விடுவதும் நல்ல ஏற்பாடு. டிஸ்க் எண்ணிக்கை இன்னும் கூடினால், ஒரு தனி டிஸ்க்கைச் சும்மா உட்கார வைக்காமல் அதன் காலி இடத்தை எல்லா டிஸ்க்கிலும் தூவிவிடும் முறை வந்திருக்கிறது. ஓப்பன் இசட்எப்எஸ் என்ற கோப்பு முறை 2021-இல் தன் 2.1 பதிப்பில் டிரெய்டு என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. ஒரே டிஸ்க்கில் வரிசையில் நின்று எழுதாமல் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதுவதால் மீட்பு சீக்கிரம் முடிகிறது.

ஸ்டுடியோவில் தினமும் ஆள் இருக்கிறார்கள். அங்கே எனக்குத் தேவைப்பட்டது அலமாரியில் ஒரு டிஸ்க். பெரிய டிஸ்க்குகள் நம் ஊர்க் கடைகளில் எப்போதும் இருக்காது, மதுரையிலோ சென்னையிலோ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிஸ்க் போன பிறகு அந்த இரண்டு மூன்று நாளும் காத்திருக்கக் கூடாது என்றுதான் ஒன்பதாவது டிஸ்க்கை முன்கூட்டியே வாங்கச் சொன்னேன்.

ஸ்பேர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. அளவு வரிசையில் உள்ள டிஸ்க்கைவிட ஒரு செக்டார்கூடக் குறையக் கூடாது. 8 டிபி என்று உறையில் எழுதிய இரண்டு டிஸ்க் கடைசி செக்டார் வரை ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாமல் பைட் எண்ணைப் பாருங்கள். செக்டார் அளவு 512-ஆ 4,096-ஆ என்பதும் பொருந்த வேண்டும். அப்புறம், எஸ்எம்ஆர் டிஸ்க் வேண்டாம். கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் பாதி ஏறி இருக்கும்படி அவற்றில் எழுதுவார்கள். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் அடுத்தடுத்த ஓடுகளையும் பிரித்து மறுபடி வேய வேண்டும். பேக்கப் எடுத்து ஓரமாக வைக்க அவை சரி. ரீபில்டின்போது விடாமல் எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும்.

எழுதப்படாத ஸ்பேர்

ஒரு அச்சகத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஆறு பே பெட்டி. ஐந்தில் ரெய்டு 5, ஆறாவது பேயில் ஸ்பேர் டிஸ்க். பெட்டியை அமைத்துக் கொடுத்தவர் ஆறாவது டிஸ்க்கை உள்ளே தள்ளிப் பூட்டினாரே தவிர, இதுதான் ஸ்பேர் என்று அமைப்பில் சொல்லவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஒரு நாள் டிஸ்க் ஒன்று செத்தது. பெட்டி பீப் அடித்தது. சத்தம் தாங்காமல் யாரோ பஸ்ஸரை அணைத்துவிட்டு மறந்துபோனார்கள். மின்னஞ்சல் எச்சரிக்கை, எப்போதோ வேலையை விட்டுப் போனவருடைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது டிஸ்க் ஒரு எழுத்துகூட எழுதப்படாமல் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சில வாரம் கழித்து இரண்டாவது டிஸ்க் போனது.

பதினோரு வருஷத்துக் கோவில் கொடை அழைப்பிதழ்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஊர்ப்பள்ளி மலர்கள், எல்லாவற்றின் மூல வடிவங்களும் அதில் இருந்தன. அவற்றை வடிவமைத்த பெரியவர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, "அஞ்சும் போகலையே தம்பி, ரெண்டுதானே போயிருக்கு? மீதி மூணுல இருக்கிறத எடுத்துத் தரக்கூடாதா?" என்று கேட்டார். மூன்றிலும் இருப்பது கோப்புகளின் சிதறிய துண்டுகள், அவற்றைச் சேர்த்து ஒரு பக்கம்கூட ஆக்க முடியாது என்று அவரிடம் சொல்ல நேர்ந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியை அமைத்தாலும் ஒரு வேலையைச் செய்யாமல் வெளியே வருவதில்லை. தரவு ஏற்றும் முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே வெளியே இழுப்பேன். ஸ்பேர் எழுந்து வருகிறதா, பஸ்ஸர் அடிக்கிறதா, எச்சரிக்கை யாருடைய போனுக்கு வருகிறது என்று அங்கேயே நின்று பார்ப்பேன். ரீபில்ட் எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொடுப்பேன். மாதம் ஒருமுறை வரிசை முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட வேண்டும். டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு அது தானாகவே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும் ஸ்பேரையும் இடையிடையே படித்துப் பார்க்க வேண்டும். காற்று இறங்கிய ஸ்டெப்னி இருந்தும் பிரயோசனம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்தது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும்போது ரெய்டு 6-இன் எட்டு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும், ஸ்பேரும் கூடவே நனையும். தவறுதலாக அழித்த கோப்பையும், வைரஸ் பூட்டிய கோப்பையும் பாரிட்டி அப்படியே விசுவாசமாகக் காப்பாற்றி வைத்திருக்கும். ரெய்டு பேக்கப் ஆகாது. டெலிவரி முடிந்த கல்யாணங்களின் இறுதிப் பிரதிகளையும் தேர்ந்தெடுத்த படங்களையும் அண்ணாச்சி இப்போது இரண்டு தனி டிஸ்க்குகளில் எழுதி, தென்காசியில் தங்கை வீட்டு மாடியில் வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை போகும்போது மாற்றி எடுத்து வருகிறார்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. 12 டிபி டிஸ்க்குக்கு விலை கேட்டிருக்கிறாராம். "இப்பம் ரெண்டு வாங்கிப் போடுதேன், எட்டு டிபி கூடும்லா?" ஒன்றும் கூடாது என்று சொன்னேன். வரிசைக்கு அளவுகோல் மிகச் சின்ன டிஸ்க்தான், எட்டையும் மாற்றி முடித்த பிறகுதான் 48 டிபி 72 ஆகும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, ரீபில்ட் முடியும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தொட வேண்டும். ஒன்றுக்கு ஒரு நாள் என்றால் எட்டு நாள், தாமதம் சேர்ந்து பத்து நாள். அந்தப் பத்து நாளும் வரிசை ஒரு சீட்டு குறைவாகத்தான் நிற்கும். அதனால் தொடங்கும் முன் பேக்கப் முழுசாக எடுத்திருக்க வேண்டும், கனமான எடிட்டிங் வேலையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

"அப்பம் ஆடியில வச்சுக்கிடுவோம்" என்றார். ஆடியில் கல்யாணம் இல்லை, பெட்டிக்கும் ஓய்வு. எட்டையும் ஒரே கடையில் எடுக்காமல், நான்கை இங்கேயும் நான்கை மதுரையிலும் சொல்லிவைத்திருக்கிறார். ஒன்பதாவதாக அலமாரியில் இருக்கும் 8 டிபி அதற்குப் பிறகு இந்த வரிசைக்கு ஸ்பேராக ஆகாது என்பதால், ஒன்பதாவது 12 டிபிக்கும் சேர்த்தே விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.